குறை எங்கே இருக்கிறது? அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் பழவேற்காட்டுக் குப்பங்களும்

ஒரு குழந்தை உரிய வயதில் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை. தன் வயதுப் பிள்ளைகள் தாமாகக் கற்றுக்கொள்வதை அது கற்றுக்கொள்ளவில்லை. இந்தக் குறை எங்கே இருக்கிறது? முன்வினையில், தாயின் வளர்ப்பில், மூளையில், மரபணுவில், சோதனைத் தாளின் எண்ணில், சமூகத்தின் அமைப்பில் என்று ஒவ்வொரு காலமும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டியிருக்கிறது. விடை மாறியபோதெல்லாம் அந்தக் குழந்தையை என்ன செய்வது என்பதும் மாறியது.

அறிவுசார் குறைபாடு என்பது வளரும் பருவத்திலேயே தொடங்குவது. புரிந்துகொள்வது, காரணம் காண்பது, கற்பது ஆகியவற்றிலும் அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் திறனிலும் வயதுக்குரிய நிலையை எட்டாதிருப்பது அதன் இலக்கணம். ஆட்டிசம் வேறு. பிறரோடு கருத்தும் உணர்வும் பரிமாறுவதில் வேறுபாடு, ஒரே செயலையோ ஆர்வத்தையோ திரும்பத் திரும்பப் பற்றிக்கொள்ளுதல், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து இருப்பதும் உண்டு. அமெரிக்கக் கணக்குகளின்படி ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. உலக அளவில் அறிவுசார் குறைபாடு நூற்றில் ஒருவர் என்ற அளவில் மதிப்பிடப்படுகிறது. ஆட்டிசத்துக்கான மதிப்பீடுகளும் அதை ஒட்டியே இருக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்த விடைகளின் வரலாற்றையும் வலிமையையும் பலவீனத்தையும், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பங்களை முன்வைத்துப் பரிசீலிக்கிறது.

ஏரியும் அதன் வாழ்க்கையும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு விளிம்பு பொன்னேரி வட்டத்தில் வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழங்குகிறது. ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் வலை கட்டும் உரிமையை ஊர்க்காரர்கள் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. கரையோரம் இருளர் குடும்பங்கள் கையால் துழாவி இறால் பிடிக்கின்றன. பிடித்த மீனை விற்பதில் பெண்களின் பங்கு பெரிது. விடியலில் அம்மா கூடையோடு கிளம்பிவிட்டால் பிள்ளை ஆயாவிடமும் அக்காவிடமும் இருக்கிறது.

ஒரு குழந்தையால் என்ன முடிகிறது என்பதை இங்கே முதலில் அளப்பது பள்ளிக்கூடம் இல்லை. வலையில் சிக்கிய நண்டை இடுக்கி படாமல் எடுக்கத் தெரிகிறதா, பெரிய இறாலையும் பொடி இறாலையும் பிரித்துக் கூடையில் போடுகிறதா, கடைக்குப் போய் மீதிச் சில்லறை கேட்டு வாங்கிவருகிறதா என்பவை இங்கே அளவுகோல்கள். இதனால் லேசான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை குப்பத்தில் குறையுள்ளவனாகத் தெரியாமலே வளரலாம். அதே பிள்ளை வகுப்பறையில் 'மந்தம்' என்ற பெயரை வாங்கலாம். ஆட்டிசத்தில் நிலைமை தலைகீழாகலாம். எழுத்தும் எண்ணும் எளிதாக வரும் ஒரு சிறுவன், ஏலக்கூச்சலும் கூட்டமும் நிறைந்த மீன் இறங்குதளத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

முதல் விடை: பிறப்பும் வினையும்

தமிழில் இந்தக் கேள்வி மிகப் பழையது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், மனிதப் பிறவியில் நேரும் எட்டு வகைக் குறைகளை 'எச்சம்' என்ற பெயரில் தொகுக்கிறது. கூன், ஊமை, செவிடு முதலியவற்றோடு 'மருள்' என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறிவு மயங்கியோரை அது குறிப்பதாக உரைகள் கொள்கின்றன. உடலின் குறையும் அறிவின் குறையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன.

பிற்கால நம்பிக்கைகள் இதனோடு வினையையும் தோஷத்தையும் சேர்த்தன. கர்ப்பிணி கிரகணத்தின்போது வெளியே வந்தாள், பிறந்த நேரம் சரியில்லை, நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது போன்ற விளக்கங்கள் தமிழ்நாடெங்கும் இன்றும் கேட்கின்றன. பேச்சு வர வேண்டும் என்று நாக்கில் வசம்பு தேய்ப்பதும், 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்' என்று ஆறுதல் சொல்வதும் இந்த மரபைச் சேர்ந்தவை.

இந்த விடை குடும்பத்துக்கு ஒரு காரணத்தையும், கோயில், தர்கா, மாதா சந்நிதி என்று துணை தேடிச் செல்ல ஓர் இடத்தையும் தருகிறது. பிள்ளையை ஊரிலிருந்து விலக்காமல் தெய்வத்தின் பிள்ளையாகப் பார்க்கும் மனமும் இதற்குள் உண்டு. அதன் பலவீனம் காலத்தில் இருக்கிறது. மொழிக்கு அடித்தளம் அமையும் முதல் ஐந்து ஆண்டுகள் காத்திருப்பில் போய்விடுகின்றன. காதே கேட்காத குழந்தை, வலிப்பு உள்ள குழந்தை, ஆட்டிசம் உள்ள குழந்தை ஆகிய மூவரும் ஒரே விளக்கத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். மனநோயும் வளர்ச்சிக் குறைபாடும் ஒன்றாகக் கருதப்படுவது இன்னொரு தீங்கு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கூரைக் காப்பகம் ஒன்று தீப்பற்றி 28 பேர் உயிரிழந்தார்கள். 'புத்தி சரியில்லாதவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தள்ளப்பட்டவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வியை உச்சநீதிமன்றம் வரை கொண்டுசென்ற நிகழ்வு அது.

இரண்டாவது விடை: அளவுகோல்

1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினேயும் தியோடர் சிமோனும் பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு சோதனையை உருவாக்கினார்கள். பினே அதை மாறாத அறிவின் அளவாகக் கருதவில்லை. ஆனால் அமெரிக்காவுக்குப் போன சோதனை, ஹென்றி காடர்டின் கையில் 'அறிவு குன்றியோரை'த் தரம்பிரித்து விடுதிகளில் அடைக்கும் கருவியாயிற்று. 1927இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பக் எதிர் பெல் வழக்கில் அத்தகையோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை அனுமதித்தது.

இந்தியாவில் வி.வி. காமத் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் தழுவினார். பினே-காமத் சோதனை இன்றும் இந்தியாவில் பயன்படுகிறது. இந்த வகைச் சோதனைகளில் சராசரி 100. 70க்குக் கீழே குறைபாடாகக் கருதப்படுகிறது. அந்த எல்லைக்கோடு மனிதர் போட்டதுதான். இத்துறைக்கான அமெரிக்கச் சங்கம் 1959இல் வெளியிட்ட கையேட்டில் எல்லை 85ஐ ஒட்டி இருந்தது. 1973இல் அது 70 அளவுக்கு இறக்கப்பட்டது. அந்த இரு எண்களுக்கும் இடைப்பட்ட லட்சக்கணக்கானோர் தம்மில் எந்த மாற்றமும் இல்லாமலே பட்டியலிலிருந்து வெளியேறினார்கள்.

1970இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை 'ஆறு மணி நேரக் குறைபாட்டுக் குழந்தை' என்ற தலைப்பைத் தாங்கியது. பள்ளி நேரத்தில் மட்டும் குறைபாடுடையவராகவும் வீட்டிலும் தெருவிலும் இயல்பாகவும் இருந்த ஏழை, சிறுபான்மைப் பிள்ளைகளைப் பற்றியது அது. ஏரிக்கரைக் குப்பத்துக்கும் அந்தத் தலைப்பு பொருந்தக்கூடியது. இத்தகைய விமர்சனங்களால்தான் அன்றாட வாழ்வைச் சமாளிக்கும் 'தகவமைவுத் திறன்' என்னும் கருத்து இலக்கணத்தில் உறுதியாக இடம்பெற்றது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் மனநல நோயறிதல் கையேடு, குறைபாட்டின் தீவிரத்தை எண்ணைக் கொண்டு வகுக்காமல், கருத்துத் திறன், சமூகத் திறன், நடைமுறைத் திறன் என்ற மூன்று தளங்களில் வகுக்கச் சொல்கிறது.

ஆனால் தகவமைவும் ஓர் இடத்தைச் சார்ந்தது. எட்கர் டால் 1930களில் நியூஜெர்சியின் வைன்லேண்டில் உருவாக்கிய சமூக முதிர்ச்சி அளவுகோலை மாலின் இந்தியாவுக்குத் தழுவினார். அதன் வினாக்களுக்கு நகரத்துப் பிள்ளையின் நாள் ஒரு விதமாகவும், பழவேற்காட்டை ஒட்டிய பசியாவரத்துப் பிள்ளையின் நாள் வேறு விதமாகவும் விடை தரும். படகைக் கோல் ஊன்றித் தள்ளத் தெரிந்த பத்து வயதுச் சிறுவனின் திறனுக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்பதை மதிப்பிடுபவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது விடை: தாயும் மூளையும்

'ஆட்டிசம்' என்ற சொல்லை 1911இல் சுவிஸ் மருத்துவர் யூஜென் பிளாய்லர் மனச்சிதைவின் ஓர் அறிகுறியைக் குறிக்கப் பயன்படுத்தினார். 1943இல் பால்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளை விவரித்து அதைத் தனி நிலையாக நிறுவினார். அடுத்த ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் பேச்சுத் திறன் மிகுந்த பிள்ளைகளிடம் இதற்கு இணையான இயல்பை விவரித்தார். 1920களிலேயே மாஸ்கோவில் குருன்யா சுகாரெவா எழுதிய விவரிப்பு வெகுகாலம் கவனிக்கப்படாமல் போனது.

கேனர் கண்ட பெற்றோர் பெரும்பாலும் படித்தவர்கள், தொழில்முறையில் உயர்ந்தவர்கள். இதிலிருந்து இரண்டு தவறான முடிவுகள் பிறந்தன. அன்பில்லாத, 'குளிர்ந்த' தாயே காரணம் என்பது ஒன்று; புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதைப் பரப்பியது. ஆட்டிசம் வசதியுள்ளோர் வீட்டில் வருவது என்பது மற்றொன்று. முதலாவதை பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே மறுத்திருந்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபின் பங்கைக் காட்டினார்கள். இரண்டாவது முடிவு, மருத்துவரை அடைய யாரால் முடிந்தது என்பதைத்தான் உண்மையில் காட்டியது. 1979இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் லோர்னா விங்கும் ஜூடித் கூல்டும் ஒரு வட்டாரத்துக் குழந்தைகளையே எடுத்து ஆராய்ந்தபோது, கேனர் வகுத்த எல்லைக்கு வெளியேயும் இதே இயல்புகள் பரவியிருப்பது தெரிந்தது. 'நிறமாலை' என்ற இன்றைய கருத்து அங்கிருந்து வளர்ந்தது.

தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் ஏட்டிலிருந்து போனாலும் வீட்டிலிருந்து போகவில்லை. வேலைக்குப் போகும் அம்மா, கைபேசியைக் கொடுத்த அம்மா என்று அது புதிய உருவம் எடுக்கிறது. அளவுமீறிய திரை நேரம் பேச்சு வளர்ச்சிக்கு உகந்ததன்று என்பதில் ஐயமில்லை. அது ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. தடுப்பூசி குறித்த அச்சமும் இத்தகையதே. 12 குழந்தைகளை வைத்து 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெளியிட்ட கட்டுரையை லான்செட் இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. ஆயினும் 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது வாட்ஸ்அப் வழியே வதந்திகள் பரவின.

அறிவுசார் குறைபாட்டின் காரணங்களில் பல இன்று தெளிவாகத் தெரிகின்றன. 1959இல் ஜெரோம் லெஜூன் குழுவினர் டவுன் நிலைக்குக் காரணமான கூடுதல் 21ஆம் குரோமோசோமைக் கண்டார்கள். பிரசவத்தில் மூச்சுத்திணறல், குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல், பிறவித் தைராய்டு குறைவு, அயோடின் பற்றாக்குறை ஆகியவற்றில் பெரும்பகுதி தடுக்கவோ தணிக்கவோ கூடியவை. நெருங்கிய உறவுத் திருமணம் ஒடுங்குநிலை மரபணு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 28 சதவீதத் திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. ஆனால் உறவில் மணந்தோரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இதுவும் குடும்பத்தின் மேல் சுமத்தும் பழியாகிவிடும்.

நான்காவது விடை: சமூகம்

1990களில் ஆட்டிசம் உள்ளவர்களே பேசத் தொடங்கினார்கள். ஜிம் சின்க்ளேர் 1993இல் பெற்றோரை நோக்கி, எங்களுக்காக அழ வேண்டாம் என்ற பொருளில் பேசினார். இது மனித மனத்தின் இயல்பான பன்மை என்ற கருத்து அந்தப் பத்தாண்டில் உருப்பெற்றது. புரியாமை இருபக்கமும் உள்ளது, ஆட்டிசம் உள்ளவரைப் பிறரும் புரிந்துகொள்ளவில்லை என்று 2012இல் டேமியன் மில்டன் வாதிட்டார்.

இந்தியச் சட்டமும் மெல்ல நகர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் எண்ணிக்கையை 21 ஆக்கி, குறைபாட்டை மனிதருக்கும் சூழலின் தடைகளுக்கும் இடையே நேர்வதாக வரையறுத்தது. தமிழ்நாட்டில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் 2010 முதல் அரசு வழக்காயிற்று. ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடர் அரசு ஆவணங்களில் உண்டு. 'மதியிறுக்கம்' என்றும் எழுதப்படுகிறது. முன்னது உள்ளே இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லும் பெயர்; பெற்றோர் பலர் ஆட்டிசம் என்றே சொல்ல விரும்புகிறார்கள்.

சமூக விடையின் வலிமை அதன் மரியாதையில் இருக்கிறது. பேச்சும் எழுத்தும் உள்ளவர்களின் குரல் பேச்சே இல்லாத பிள்ளையின் தேவையை மறைத்துவிடலாம் என்பது அதன் மேல் வைக்கப்படும் விமர்சனம். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும், இரவெல்லாம் உறங்காத ஒரு பிள்ளையின் குடும்பத்துக்கு 'பன்மை' என்ற சொல் மட்டும் போதாது. நீர் சூழ்ந்த ஊரில் இது உயிர் சார்ந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சொல்லாமல் வீட்டைவிட்டு ஓடிவிடுவதும் நீரால் ஈர்க்கப்படுவதும் மருத்துவ இலக்கியத்தில் நன்கு பதிவானவை. அப்படி ஓடிய பிள்ளைகளின் இறப்புகளில் நீரில் மூழ்குவது முதன்மையானது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வீடு இருக்கும் இடத்தில் நீச்சல் கற்பிப்பதும், பிள்ளையைத் தெருவே அறிந்துவைத்திருப்பதும் சிகிச்சையின் பகுதிகளே.

கண்டறியும் பாதை

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். ஐயமுள்ள குழந்தை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.

முதல்கட்டக் கருவிகள் எளியவை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். குழந்தையின் வயது வரும் இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்புறம் முடிந்துவிடும் செயல்களையெல்லாம் குழந்தை செய்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஆட்டிசத்துக்கு இன்னும் நுட்பமான கவனம் வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளை வானத்தில் பறக்கும் பூநாரையை விரல் நீட்டிக் காட்டி, அம்மா பார்க்கிறாளா என்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வழக்கம். அந்தச் சுட்டுதல் வராமல், தாகம் எடுத்தால் ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குடத்தின் மேல் வைக்கும் குழந்தையைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் காது கேட்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டும்.

சான்றிதழுக்கு 2009இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. அதன் 40 கூறுகளில் மொத்தம் 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம். இந்தக் கட்டத்துக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அவரை அடையப் பயணம் வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து புறநகர் ரயிலில் சென்னை. 2005இல் முட்டுக்காட்டில் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் நகரத்தின் மறுமுனையில் இருக்கிறது. ஒரு நாள் போய்வந்தால் அப்பாவின் பாடு முறையோ அம்மாவின் விற்பனையோ போகிறது. வாரம் மூன்று நாள் வரச் சொல்லும் சிகிச்சை இந்தக் குடும்பங்களுக்குச் சிகிச்சை இல்லாததற்குச் சமம்.

கற்பித்தலில் உள்ள நிலைப்பாடுகள்

1987இல் ஐவார் லோவாஸ் வாரம் 40 மணி நேரத் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பு நிலையை எட்டியதாக அறிவித்தார். குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததும் தண்டனைகள் பயன்பட்டதும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. 1972 முதல் வடக்குக் கரோலினாவில் எரிக் ஷாப்லர் வளர்த்த முறை, படங்களாலும் ஒழுங்கான அட்டவணையாலும் சூழலையே குழந்தைக்குப் புரியும்படி அமைக்கிறது.

குப்பத்துக்கு நெருக்கமானவை பெற்றோரை மையமாகக் கொண்ட முறைகள். சென்னையின் மதுரம் நாராயணன் மையம் உருவாக்கிய 'உபநயன்' திட்டம், சிறு குழந்தைகளுக்கான 250 திறன்களை இயக்கம், தற்கவனிப்பு, மொழி, அறிவு, சமூகம் என்ற ஐந்து பிரிவுகளில் தாயே கற்பிக்கும்படி பகுத்துத் தருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெற்றோர் குழுக்களை வைத்து நடந்து 1999இல் வெளியான ஆய்வு, உரையாடும் குழுக்களில் பெற்றோரின் மனப்பான்மை மேம்பட்டதைக் காட்டியது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்களே வீட்டுக்குச் சென்று பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுத்துப் பேசும் விதமும் குழந்தை தானாகத் தொடர்புகொள்வதும் மேம்பட்டன. கிராமச் சுகாதாரப் பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் உள்ள ஊருக்கு இது பொருள் நிறைந்த முடிவு. ஆனால் மாதிரி சிறியது. நீண்டகாலப் பலனைச் சொல்ல அது போதாது.

தமிழும் தெலுங்கும் கலந்த எல்லை ஊர்களில், ஒரே மொழியில் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரை பெற்றோருக்குக் கிடைப்பதுண்டு. இரு மொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சிக்குத் தீங்கு செய்வதாகச் சான்று இல்லை. ஆயா பேசும் மொழியைக் குழந்தையிடமிருந்து பறிப்பது, அதனோடு அதிகம் பேசும் ஆளைப் பறிப்பதாகும்.

எஞ்சியிருக்கும் கேள்விகள்

நான்கு விடைகளில் முதலாவதைத் தவிர மற்றவை ஒன்றையொன்று முழுக்க நீக்கவில்லை. மூளையிலும் மரபிலும் வேர் இருக்கிறது. அது குறைபாடாக மாறும் அளவு, வாழ்க்கை கேட்பதையும் சூழல் தருவதையும் பொறுத்திருக்கிறது. தகவமைவுத் திறன் என்ற கருத்து இந்த இரண்டையும் இணைக்க இன்றுள்ளவற்றில் மிகப் பொருத்தமானதாகத் தோன்றுகிறது. அந்தந்த ஊரின் வாழ்க்கையை வைத்து அளந்தால்தான் அது பயன்படும்.

எண்ணிக்கை முதல் கேள்வி. 2011 கணக்கெடுப்பு இந்தியாவில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை அறிவுசார் குறைபாட்டின் கீழ்ப் பதிவு செய்தது. ஆட்டிசத்துக்கு அதில் தனிப் பிரிவு இல்லை. 2018இல் வெளியான ஐந்து வட்டார ஆய்வு, 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் ஏதேனுமொரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. பல்வல், காங்ரா, தேன்கனல், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய அந்த ஐந்தில் தமிழ்நாட்டுக் கடற்கரை இல்லை. அங்கே வரையறுத்த கருவிகள் மீனவ ஊரின் அன்றாடத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது இரண்டாவது கேள்வி.

மூன்றாவது, வளர்ந்த பின் வரும் வாழ்க்கை. தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் 2,000 ரூபாய். 18 வயதுக்குப் பிறகு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு உண்டு. ஆனால் 'நாங்க போன பிறகு இவன யாரு பாத்துக்குவாங்க' என்று பெற்றோர் கேட்கும்போது பணத்தோடு ஓர் இடத்தையும் கேட்கிறார்கள். முறை வைத்து நீரைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஊர்களில், வலை பிரிப்பதிலும் மீன் தரம்பிரிப்பதிலும் இவர்களுக்கும் ஒரு முறை ஒதுக்கப்படுமா என்பதை ஊரும் அரசும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.